உள்ளேயா, வெளியேயா?

ஏரவாடாவில் குடியிருக்கிறேன் என்று புனே நகரத்து நண்பர் எவரிடமேனும் சொன்னால், அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை அரும்பும். "உள்ளேயா, வெளியேயா?" என்று உடனே கேட்பார். 1871ஆம் ஆண்டில் எழுந்த மத்தியச் சிறையும், பழைமையான மனநல மருத்துவமனையும் எங்கள் பகுதியின் இரு பெரும் அடையாளங்கள். ஆதலால் இந்தக் கேலிக்கு ஏரவாடாவாசிகள் அனைவரும் பழகிப்போனவர்கள். "வெளியேதான்" என்று நானும் சிரித்துக்கொண்டே விடை கூறுவது வழக்கம். ஆனால், வாழ்வில் ஒரு காலம் வந்தது. அப்போது அந்த எளிய விடையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மதிலுக்கு வெளியே இருந்தேன் என்பது உண்மை. ஆயினும் மனம் ஏதோ ஒரு சுவருக்கு உள்ளே அடைபட்டுக் கிடந்தது.

வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். ஆனால் அகத்தைப் பேசப் புகுந்தபோது அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? மலையையும், காட்டையும், வயலையும், கடற்கரையையும், வறண்ட பாலையையும் அன்றோ எடுத்துக்கொண்டார்கள்? உள்ளத்தின் நிலை ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு நிலத்தைக் காட்டினார்கள். அப்படியானால், மனம் கலங்கியவன் வெளியே சென்று மரத்தடியிலும் நீர்க்கரையிலும் அமர்ந்தால் அமைதி பெறுவான் என்று கொள்ளலாமா? அவ்வாறு பெறும் அமைதி மெய்யான அமைதியா, அல்லது கடமையிலிருந்து சிறிது நேரம் ஒளிந்துகொள்வதா? இந்த வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. பட்டறிவிலிருந்து பெற்றேன்.

என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. செய்தி நள்ளிரவில் வந்தது. நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சிதை தணிந்துவிட்டது. அவருடைய இறுதி ஆண்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் அழைப்பார். கொல்லையைப் பற்றித்தான் பேச்சு. அவரைப் பந்தல் பூத்துவிட்டது என்பார். கிணற்றில் இரண்டு உறை நீர் இறங்கிவிட்டது என்பார். கடைசியில், "எப்போ வரேப்பா?" என்று ஒரு கேள்வி. "லீவு கிடைச்சதும் வரேன்" என்பது என் மாறாத விடை. உண்மை என்னவென்றால், அந்நாளில் என் கணக்கில் இருநூறு நாளுக்கு மேல் ஈட்டிய விடுப்பு சேர்ந்து கிடந்தது. ஓய்வு பெறும்போது பணமாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணிச் சேர்த்தது. அவர் போன பின்பு அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு சுடும். மறு ஆண்டே வீட்டையும் கொல்லையையும் விற்பது என்று உடன்பிறந்தார் முடிவு செய்தனர். நானும் கையொப்பமிட்டேன். அதன்பின் உறக்கம் என்னை விட்டு நீங்கியது. அலுவலகத்தில் கோப்புகள் தேங்கின. வீட்டில் காரணமின்றி மனைவி மக்கள்மீது சினந்தேன்.

என் நிலையைக் கண்ட மராத்திய நண்பர் ஒருவர், "சாஹேப், இரண்டு நாள் எங்களுடன் மலைப்பக்கம் வாருங்கள். எல்லாம் சரியாகிவிடும்" என்று அழைத்தார். விடுமுறை வந்தால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கோட்டைகளுக்கும் ஏரிகளுக்கும் புறப்பட்டுவிடும் பழக்கம் இந்நகரத்து மக்களிடம் மிகுதி. சிங்ககட், ராஜ்கட், தோரணா என்று சஹ்யாத்ரி மலைத்தொடரின் கோட்டைகள் அவர்களுக்குத் திருத்தலங்கள் போன்றவை. நாங்கள் சென்றது முள்ஷி ஏரிக்கரை. பௌட் என்னும் ஊரைக் கடந்து மேற்கே போகவேண்டும். தை மாதத்துக் குளிர். மாலைக்குள் கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். பாகரியும், கடலைமாவில் செய்த பிட்லாவும், பச்சை மிளகாயும் இரவு உணவு. பல மாதங்களுக்குப் பின் நான் பசித்து உண்டேன்.

இரவில் வானத்தைப் பார்த்தேன். நகரத்து விளக்கொளியில் மறைந்துபோன விண்மீன்கள் அங்கே மறையாமல் இருந்தன. கார்த்திகைக் கூட்டமும், சற்றுத் தள்ளிச் செந்நிறத் திருவாதிரையும் தெரிந்தன. சிறுவயதில் கொல்லைக் கிணற்றடியில் நின்று, "அதோ பார், திருவாதிரை" என்று தந்தையார் விரல் நீட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. ஊர் கைவிட்டுப் போனாலும் அந்த மீன் கைவிடவில்லை என்று தோன்றியது. கண்ணீர் வந்தது, பின் உறக்கம் வந்தது. விடியும்வரை விழிக்கவில்லை. காலையில் ஏரியின்மேல் பனிமூட்டம் மெல்ல விலகுவதைக் கண்டபோது, நான் தேடிய அமைதி இதுவே என்று துணிந்தேன்.

அப்போது எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு முதியவர் வந்தார். தேநீர் கொடுத்தோம். ஏரியின் அழகை நான் வியந்து கூறியதும், அவர் கோலை நீட்டி நீர்ப்பரப்பைக் காட்டி, "எங்கள் பாட்டனார் ஊர் அங்கே இருக்கிறது" என்றார். தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதன் பொருளை நண்பர் பின்னர் விளக்கினார். பம்பாய்க்கு மின்சாரம் தரும் பொருட்டு முளா ஆற்றின் குறுக்கே அங்கே அணை கட்டத் தொடங்கினர். நிலத்தை இழக்கவிருந்த மாவள நாட்டு உழவர்கள் 1921இல் சத்தியாகிரகம் தொடங்கினர். அதை முன்னின்று நடத்திய பாண்டுரங்க மகாதேவ பாபட், அதனாலேயே 'சேனாபதி' என்னும் பட்டம் பெற்றார். மூன்று ஆண்டுகள் போராடியும் அணை நிற்கவில்லை; ஊர்கள்தாம் நீரில் மூழ்கின. ஏரி நீர் இன்றும் மலைக்கு அப்பால் கொங்கணப் பக்கம் உள்ள பீரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அணை தாண்டி வரும் முளா ஆறு, நகரத்தின் நடுவே முட்டா ஆற்றுடன் 'சங்கம்' என்னும் இடத்தில் கலந்து, எங்கள் ஏரவாடா ஓரமாகவே போகிறது.

எந்த நீரைக் கண்டு என் மனம் அடங்கியதோ, அந்த நீர் பிறருடைய கொல்லைகளையும் கிணறுகளையும் மூடிக்கொண்டு கிடந்தது. கொல்லையை விற்ற துயரை ஆற்றிக்கொள்ளப் போன நான், விற்கவும் விரும்பாமல் கொல்லையைப் பறிகொடுத்தவர்களின் கூரைமேல் உறங்கியிருக்கிறேன்! இதற்காக ஏரிக்கரைக்கே போகலாகாது என்று நான் கூறவில்லை. ஆனால் வெளியே கிடைக்கும் அமைதியும் விலையில்லாமல் வந்ததன்று. அந்த விலையை எவரோ முன்பே கொடுத்திருக்கிறார்கள். அதை அறியாமல் மகிழ்வது ஒன்று. அறிந்தபின்னும் மறந்து மகிழ்வது வேறொன்று.

இன்னொரு குறையும் உண்டு. திங்கட்கிழமை மாலைக்குள் நான் கொண்டுவந்த அமைதி கரைந்துவிட்டது. செவ்வாய் இரவு பழையபடி விழித்திருந்தேன். உப்புமூட்டையை மழையில் சுமந்து வந்தவன் கதை ஆயிற்று.

வெளியே சென்று அமைதி தேடியவர்களுள் உலகம் நன்கறிந்தவர் அமெரிக்க அறிஞர் தோரோ. 1845ஆம் ஆண்டு வால்டன் என்னும் ஏரிக்கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தம் கையாலேயே ஒரு குடில் அமைத்து இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் தனியே வாழ்ந்தார். அவரைத் துறவி என்று எண்ணுவோர் பலர். ஆனால் அவர் அங்கே சும்மா இருக்கவில்லை. அவரை பயிரிட்டுக் களையெடுத்தார். அடிக்கடி ஊருக்குள் நடந்து சென்று உறவினரையும் நண்பரையும் கண்டார். 1846ஆம் ஆண்டு, அடிமை முறையைத் தாங்கி நிற்கும் அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து ஓர் இரவு சிறையிலும் இருந்தார். காட்டில் பெற்ற அமைதி, மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையை மறக்கும் போர்வையாக அவருக்குப் பயன்படவில்லை. அந்தச் சிறை அனுபவத்தையொட்டி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் படித்துப் போற்றினார். பின்னாளில் அவ்வடிகளே எங்கள் ஏரவாடாச் சிறைக்கு வந்து சேர்ந்தார். குடிலும் தோட்டமும் சிறையும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தொலைவில் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் என் மனைவி, "ஊர்க் கொல்லையை வித்தாச்சு. வித்ததையே நெனச்சுக்கிட்டு இருந்தா எப்படி? இங்கேயும் பின்னாலே ஒரு துண்டு மண் இருக்கே" என்றாள். எங்களுடையது தரைத்தளத்து அரசுக் குடியிருப்பு. பின்புறம் இரண்டு பாய் விரிக்கும் அளவு இடம். பல ஆண்டுகளாக அங்கே உடைந்த நாற்காலிகளைத்தான் வைத்திருந்தோம். மாற்றலாகிப் போகப்போகிற இடத்தில் மண்ணைக் கொத்துவானேன் என்ற எண்ணம். புலம்பெயர்ந்து வாழும் நம்மில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. இருபது ஆண்டுகள் ஒரு நகரத்தில் வாழ்ந்துவிட்டு, இன்னும் புகைவண்டி நிலையத்தில் அமர்ந்திருப்பவர்போலவே இருக்கிறோம்.

கோடையின் தொடக்கத்தில் மண்ணைக் கொத்தினேன். பங்குனி சித்திரையில் புனேயின் வெயில் நாற்பது பாகையைத் தொடும். கரிசல் கலந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். எல்லாரும் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். நான் அறியாமையால் அக்கினி வெயிலில் விதைத்தேன். முதலில் முளைத்தவை கருகின. பின்புதான் தந்தையார் செய்தவை ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. உதிர்ந்த சருகுகளைச் சேர்த்துச் செடிகளின் அடியில் மூடாக்குப் போட்டேன். பூச்சில்லாத மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, ஓட்டால் மூடினேன். மண் காயக் காயப் பானையின் சுவர் வழியே நீர் தானாகக் கசிந்து வேருக்குச் செல்லும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தணியும். வேண்டுமளவே கொடுத்து, வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளும் அந்தப் பானையைப்போல் கொடையறிந்த மனிதரைக் காண்பது அரிது.

வெண்டை, தண்டுக்கீரை, ஒரு கறிவேப்பிலைக் கன்று, முருங்கைப் போத்து ஒன்று, இங்குள்ளோர் மோகரா என்று கூறும் குண்டுமல்லி. இவ்வளவே என் தோட்டம். அலுவலகத்திலிருந்து திரும்பி, வெயில் தாழ்ந்தபின் அங்கே குந்தியிருப்பேன். முள்ஷியில் கண்ட பெரும் அமைதி இங்கே இல்லை. ஊர்திகளின் இரைச்சலும், லோகெகாவ் விமானத்தளத்திலிருந்து எழும் பேரொலியும் ஓயாமல் கேட்கும். ஆயினும் உறக்கம் திரும்பியது. காரணத்தை எண்ணிப் பார்த்தேன். ஏரிக்கரையில் என்னை எவரும் எதிர்பார்க்கவில்லை. இங்கேயோ, நான் வராவிட்டால் வாடிப்போகும் உயிர்கள் சில எனக்காகக் காத்திருந்தன. "எப்போ வரேப்பா?" என்ற கேள்வியை அவையும் கேட்டன. இம்முறை நான் ஒவ்வொரு நாளும் வந்தேன்.

இத்துடன் இக்கட்டுரை முடிந்திருக்குமானால் அது இனிய கதையாக இருக்கும். ஆனால் வைகாசியில் நீர்த் தட்டுப்பாடு வந்தது. நகரத்துக்குக் குடிநீர் தருவனவற்றுள் முதன்மையானவை டெம்கர், வரஸ்காவ், பான்ஷேத், கடக்வாஸ்லா ஆகிய நான்கு அணைகள். பருவமழை ஆனி மாதம் நெருங்கினால்தான் வரும். அதுவரை இருப்பதைப் பங்கிட வேண்டும். எங்கள் குடியிருப்பில் மேல்தொட்டி இருந்ததால் குழாய் முற்றும் வற்றவில்லை. ஒரு மாலை நான் குழாய்ச் சுருளைப் பிடித்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பானைகளை மறந்து, அன்றைய வெப்பத்துக்கு இலைகளும் குளிரட்டும் என்று தாராளமாகவே தெளித்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் மாவ்ஷி வாயிற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகிலுள்ள வஸ்தியில் வாழ்பவர். அங்கே பொதுக்குழாயில் நீர் வரும் நேரத்துக்காக விடியுமுன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வருபவர். "செடிகள் நன்றாக வந்திருக்கின்றன, சாஹேப்" என்று மட்டும் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை; மெய்யாகவே பாராட்டினார். அதனால்தான் அச்சொல் என்னைக் குத்தியது.

முள்ஷி ஏரியில் நான் கண்ட பழி நூறாண்டுக்கு முன் எவரோ செய்தது. இதுவோ என் கையிலிருந்த குழாயில் இருந்தது. என் மனத்தின் அமைதிக்கு நான் செலவிட்டது எவர் குடத்து நீர்? சட்டப்படி அது எனக்கு உரிய நீர்தான். ஆனால் உரிமை என்பது சட்டத்தோடு முடிந்துவிடுகிறதா? வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து, அறத்தைப் பேசுவதற்கும் முன்னரே, வான்சிறப்பை வைத்தார். நீரைப் பற்றி நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது பிற எல்லா அறங்களுக்கும் முன்வாயில் என்பதால் அவ்வாறு வைத்தார் போலும்.

அன்றிரவே மனைவியுடன் கலந்து பேசினேன். குழாய்ச் சுருளைச் சுற்றி அட்டத்தில் போட்டோம். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், குடிநீர்க் கருவி வடித்துத் தள்ளும் நீர் ஆகியவற்றை மட்டும் ஒரு வாளியில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மாலைக்குள் ஒன்றரை வாளி சேர்ந்தது. அது எல்லாச் செடிகளுக்கும் போதவில்லை. எதைக் காப்பது, எதை விடுவது? கீரைப் பாத்தியை முதலில் விட்டேன். பிறகு, பூவும் பிஞ்சுமாய் நின்ற வெண்டையை விட்டேன். நான்கு நாளில் அவை தலை கவிழ்ந்தன. கறிவேப்பிலையும் முருங்கையும் மல்லியும் பிழைத்தன. வாடுவதைக் கண்முன் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. ஆனால் வியப்பு இதுதான்: அந்த நாட்களில் என் உறக்கம் கெடவில்லை. செடிகள் செழித்ததனால் பெற்ற அமைதியாக இருந்தால், செடிகள் வாடியபோது அதுவும் வாடியிருக்க வேண்டும் அல்லவா?

இங்கே நான் சுகத்தையும் அமைதியையும் பிரித்துணரக் கற்றேன். சுகம் என்பது நம்மைத் தொந்தரவு செய்யும் எதுவும் அருகில் இல்லாத நிலை. அமைதி என்பது, எது அருகில் வந்தாலும் அதன் முகத்தைப் பார்க்க நாம் கூசாத நிலை. முன்னதை ஏரிக்கரையில் இரண்டு நாள் பெறலாம். பின்னதை, கணக்கு நேராகும் வரை பெற முடியாது. மாவ்ஷியின் கண்ணை நேரே பார்க்க முடிந்த அன்றுதான் என் தோட்டம் எனக்கு அமைதி தந்தது. மழை வந்து முருங்கை தழைத்தபின் அவரும் ஒரு பிடி கீரை ஒடித்துக்கொண்டு போகிறார். "சேவ்கா" என்று அவர் சொல்லும் முருங்கையை நாங்கள் சமைக்கும் விதம் கண்டு சிரிக்கிறார்.

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியை நாம் கொடைக்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறோம். அவன் இயற்கை இன்பம் நுகரத்தான் பறம்பு மலையில் உலாப் போயிருக்கலாம். ஆனால் பற்றுக்கோடின்றித் தவித்த கொடியைக் கண்டதும், வந்த தேரை விட்டுவிட்டு நடந்தான். காண்பதற்கு இனிய காட்சியாக அவன் அக்கொடியைக் காணவில்லை. துணை வேண்டி நின்ற உயிராகக் கண்டான். மேலும், காடும் காடு சார்ந்த முல்லை நிலத்துக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் 'இருத்தல்'. பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல். இயற்கையிடம் செல்வோர் கற்கவேண்டிய பாடம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. போய்வருவதில் அமைதி பிறக்கத் தொடங்கலாம். இருந்து பேணுவதில்தான் அது நிலைபெறும். என் தந்தையார் எனக்காக அவ்வாறு இருந்தார். நான் அவருக்காக இருக்கவில்லை. இந்தக் குறையை எந்தத் தோட்டமும் நிறைத்துவிடாது. ஆயினும் ஈட்டிய விடுப்பை இப்போதெல்லாம் சேர்த்து வைப்பதில்லை. ஆண்டுதோறும் சென்று, தமக்கையார் வீட்டில் இருக்கும் தாயாருடன் பதினைந்து நாள் இருந்து வருகிறேன்.

மாலை நடையில் சில நாள் சிறைச்சாலைச் சாலைப்பக்கம் போவதுண்டு. 1930இல் அங்கிருந்து ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதிய காந்தியடிகள், அவ்விடத்தை 'ஏரவாடா மந்திர்', அதாவது கோயில் என்றே குறித்தார். 1932 செப்டம்பர் 20 அன்று அச்சிறையில் உண்ணாநோன்பு தொடங்கியபோது, முற்றத்து மாமரத்தடியில் கட்டில் இட்டுப் படுத்திருந்தார். அம்மரத்து நிழலில் அமைதியான உரையாடலா நடந்தது? ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமை பற்றி அம்பேத்கரும் பிறரும் வந்து அமர்ந்து, அந்நாளின் மிகக் கடுமையான வழக்கைப் பேசினார்கள். 24ஆம் நாள் கையெழுத்தான உடன்பாட்டில் இராஜாஜி, இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகிய நம் தமிழ்நாட்டவரும் ஒப்பமிட்டனர். அந்த உடன்பாட்டின் நன்மை தீமை பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. நான் கருதுவது அந்த மரத்தை மட்டும். நிழல் என்பது உலகத்தை மறப்பதற்கு மட்டும் உரியதன்று. உலகத்தை எதிர்கொள்ள அமர்வதற்கும் உரியது. அந்த மாமரத்தை நட்ட கைகளும், இப்படியொரு நாளுக்காக நடுகிறோம் என்று எண்ணி நட்டிருக்க மாட்டா.

எனக்கு மாற்றல் ஆணை என்று வருமோ தெரியாது. வந்தால் முருங்கையைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. அடுத்து வரும் குடும்பம் தமிழ்க் குடும்பமாக இருக்கலாம். வங்காளக் குடும்பமாக இருக்கலாம். முருங்கை உண்ணாதவராகவும் இருக்கலாம். புதைத்த பானை எதற்கென்று அவர்கள் அறியவேண்டுமே என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கொல்லையை வாங்கியவர் கறிவேப்பிலை மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார் என்று சென்ற முறை கண்டேன். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். கேட்டிருந்தால் ஒரு கொத்து ஒடித்துத் தந்திருப்பார், நான் கேட்கவில்லை. என் தந்தையார் வைத்த மரத்துக்கு இன்னொருவர் நீர் ஊற்றுகிறார். இன்னொருவர் உண்ணப்போகும் மரத்துக்கு நான் இங்கே ஊற்றுகிறேன். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் அன்பர்களே, விடுமுறையில் மலைக்கும் ஏரிக்கும் மகிழ்ந்து சென்று வாருங்கள். சென்ற இடத்தில் முன்பு வாழ்ந்தவர் கதையையும் கேட்டு வாருங்கள். திரும்பி வந்து, வாடகை வீடேயாயினும், ஒரு தொட்டி மண்ணிலேனும் ஏதேனும் ஒன்றை நட்டு, பிறர் குடத்தைக் குறைக்காத நீரை அதற்கு ஊற்றுங்கள். ஊரில் உள்ள பெரியவர்களைப் பார்க்க விடுப்பு எடுங்கள். "உள்ளேயா, வெளியேயா?" என்று யாரேனும் இப்போது கேட்டால், முன்போல் சிரித்துக்கொண்டே, "வெளியேதான்; செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்ல என்னால் முடிகிறது.